உன் கப்பில் விழுந்த கொம்பு வண்டு

ஸ்பிரிட் வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. முந்தாநாள் உன் மனைவி என் வீட்டுக்கு வந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். "அண்ணே, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லினே இருந்தாரு." உள்ளே நீ பூச்சிகளை ஸ்பிரிட்டில் போட்டு வைத்த கண்ணாடிக் குப்பிகள். செத்துப்போன பிறகும் என்னைக் குத்திக்காட்டுகிறாயோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி உனக்குத் தெரியாததா.

அடி அண்ணாமலைப் பக்கம் அந்தப் புதர்க்காட்டில் எத்தனை வகைப் பூச்சி இருக்கிறது என்று நாம் இருவரும் கணக்கெடுத்தோம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தின் வண்டிகளை நிறுத்த அதைச் சமன்படுத்தலாமா என்பது நம் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும் என்றார்கள். கப்பை மண்ணில் வாய்மட்டம் வரை புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் விழுந்ததை எண்ண வேண்டும். என் வரிசையில் எறும்பைத் தவிர ஒன்றுமில்லை. பத்தடி தள்ளி உன் வரிசையில் விதவிதமான வண்டுகள். அதிலும் கொம்பு வைத்த அந்தச் சின்ன வண்டு தினமும் விழுந்தது.

அதெப்படி உனக்கு மட்டும்? வேறெங்கோ பொறுக்கி வந்து போடுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். நீ டீ வாங்கப் போன நேரம் உன் பையைக் குடைந்தேன். எனக்கும் சேர்த்துக் கட்டிய புளிசோறு இருந்தது. சோற்றைப் போட்டு வாயை அடைக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது.

ஒருநாள் என் கப்புகளைப் பார்த்து, "இன்னாடா, வாசல் மாதிரி பெருக்கி வச்சிக்கிற? சுத்தம் கொஞ்சம் ஜாஸ்திடா," என்றாய். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நீ காய்ச்சலில் படுத்த வாரம் உன் வரிசையை மொத்தமாக நீக்கி அறிக்கையை அனுப்பினேன். "ஏன்டா இவ்ளோ கம்மியா இருக்குது?" என்று கேட்டாய். சரிபார்த்துத்தான் அனுப்பினேன் என்றேன். நீ அப்புறம் கேட்கவேயில்லை.

பெட்டியிலிருந்த குப்பி ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறாய்: 'கப்பைச் சுற்றி உதிர்ந்த சருகை அப்படியே திரும்பப் பரப்பியது.' அவ்வளவுதான். நான் பெருக்கித் தள்ளிய சருகுக்குள்தான் அவை இருந்தன.

நேற்று சாயங்காலம் அங்கே போனேன். பாதிக்கு மேல் சமன் செய்து பஸ்கள் நிற்கின்றன. மீந்த புதரோரம் உன்னைப் போலவே ஒரு கப்பைப் புதைத்துச் சருகைப் பரப்பினேன். இன்று காலை அதில் அந்தக் கொம்பு வண்டு கிடந்தது.

மீதி இடத்தையாவது காப்பாற்ற, அறிக்கையில் உன் வரிசையைச் சேர்த்து, நீக்கியவன் நான்தான் என்றும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். மன்னிச்சிடுடா. ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். வண்டைப் பார்த்ததும், யாராவது கொண்டுவந்து போட்டிருப்பார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. நீயும் இல்லை.