ஃபோனும் பாட்டும்

ஐப்பசி 18, செவ்வாய்

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிகழ்ச்சிகளை இருபது நாள் கவனித்து நிகழ்தகவு கணக்கிட வேண்டுமென்று காயத்ரிக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து சாயங்காலம் அவள் அப்பாவின் ஃபோன் வருவதையும், ராத்திரி அடுக்களையில் நான் பாடுவதையும் எடுத்திருக்கிறாள். வேறு விஷயமா கிடைக்கவில்லை?

ஃபோன் பத்து நாள், பாட்டு பத்து நாள்.

"சம்பந்தமில்லேன்னா பாதியில பாதி, அஞ்சு நாள்தான் ரெண்டும் சேர்ந்து வரணும். ஒம்பது நாள் வந்திருக்கும்மா," என்றாள்.



இன்றும் ஃபோன் வரவில்லை. கேட்டால் சிக்னல் இல்லை என்பார். இருக்கலாம். பாத்திரம் கழுவும்போது வேண்டுமென்றே உரக்கப் பாடினேன்.

கூடத்திலிருந்து காயத்ரி சொன்னாள்: "இது கணக்குல சேராது, கேட்டோ."