உப்பை ஆர் துடைக்கிறது?

1973 ஜூலை 9, திங்கள்

மத்தியானம் மறுபடி கரண்ட் போய்விட்டது. துறைமுகத்தடி ஐஸ் பக்டரியின் டிரான்ஸ்போமர் இந்த வருடம் இரண்டாம் தடவை எரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். இவர் அங்கே எலக்ட்ரீசியன் என்பதால், குச்சவெளியிலிருந்து மீனோடு வந்தவர்கள் ஐஸ் இல்லையென்று இவரைத்தான் ஏசிவிட்டுப் போனார்கள். இவர் என்ன, அதைக் கொளுத்தினவரா?

ஜூலை 12

புதிதாக ஒன்று பூட்டிவிட்டார்கள். சாப்பிடும்போது இவர் சொன்னார்: “கடல் காத்தில வாற உப்பு டிரான்ஸ்போமர்க் கம்பி பூட்டின பீங்கானில படியுது, குணம். கழுவ மழையும் இல்லை. லேசாத் தூறினாப் போதும், உப்பு நனைஞ்சு கரண்ட் பாய்ஞ்சு வெடிச்சிடும். கரண்டை நிப்பாட்டிப்போட்டுத் துடைச்சா ஒண்டுமில்லை.”

துடைக்க வேண்டியதுதானே என்றேன். பக்டரிதான் துடைக்க வேண்டும் என்கிறதாம் மின்சார சபைக் கந்தோர். கொஞ்ச நேரம் மெசினை நிறுத்தச் சொல்லி இவர் கேட்டதற்கு ஞானசேகரம் முதலாளியோ, “டிரான்ஸ்போமர் அவங்கட சாமான், அவங்கள் துடைக்கட்டும். மீன் படுற நேரம் மெசினை நிப்பாட்ட ஏலாது” என்கிறாராம். கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்க ஆளில்லாத கதைதான்.

ஆகஸ்ட் 3

விடியத் தூறல். இவர் சாப்பிடாமலே ஓடினார்.

ஆகஸ்ட் 6

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. அன்று தூறலோடு டிரான்ஸ்போமர் சீறத் தொடங்கியதாம். “போய்ப் பார் கதிராமன்” என்று முதலாளி இவரை அனுப்பியிருக்கிறார். அதைச் சுற்றின வேலியின் கதவைத் திறக்கும்போதே வெடித்து, கொதி எண்ணெய் இரண்டு கையிலும் — ஐயோ, என்ர ராசா. ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளைப் பார்க்க ஏலாமல் வெளியே வந்து நின்று அழுதேன்.

முதலாளி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் பக்டரி லொறி ஓட்டுகிற சரீப் நானா. அவர்தான் எனக்குச் சொன்னார்.

செப்டெம்பர் 4

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. விரல்கள் மடங்காது. இன்று விசாரணை. வெளியார் வேலிக்குள் போகக்கூடாது என்றார்கள் கந்தோர்காரர். நான் அனுப்பவில்லை என்றார் முதலாளி. சரீப் நானாவைக் கேட்டார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியா” என்றார். தன்னிச்சையாகப் போன கதிராமனே பொறுப்பு என்று முடித்துவிட்டார்கள்.

உப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை! அடப் பாவியளே, இவ்வளவு நாளும் உன்ர வேலை, என்ர வேலை எண்டு அடிபட்டியள். இதில மட்டும் எப்பிடி ஒற்றுமை வந்தது?

செப்டெம்பர் 5

சரீப் நானா வாசலில் ஒரு துண்டு ஐஸ் கொண்டுவந்து வைத்தார். கை எரிவுக்காம். “மூண்டு குமர்ப் பிள்ளையள் வீட்டில இருக்கு, தங்கச்சி” என்றார். அவர் போன பிறகு ஐஸைக் கிணற்றடியில் வீசினேன்.

ஒக்டோபர் 1

மத்தியானம் ரேடியோ திடீரென்று நின்றது. பதறிப்போய் வெளியே ஓடினேன். வெடிக்கவில்லை. கந்தோர் ஆட்கள் ஏணி வைத்து டிரான்ஸ்போமரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி குடை பிடித்தபடி கீழே நின்றார். இனி மாதாமாதம் துடைப்பார்களாம்.

உள்ளே வந்து இவரிடம் சொன்னேன்.

“மெசினை நிப்பாட்டினவங்களோ?”

“ஓம்.”

தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு வந்து வாயில் பிடித்துப் பருக்கினேன். கோப்பை பாதிகூட முடியவில்லை, ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது.

இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நேரந்தான் குணம் நான் கேட்டது” என்றார்.

மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.