காவலுக்குப் பொம்மைகள்

8, திங்கள்

காலையிலிருந்து மழை. ஸ்கூடாய் சாலையில் வழக்கமான ஜாம். பஸ்ஸில் இருக்கும்போதே எங்கள் கப்பல் ஆபீஸ் மேனேஜர் குமரனின் செய்தி: கப்பல் ஆட்கள் போடும் பழைய பாய்லர் சூட் பத்து, ஹெல்மெட் பத்து, அடைக்கத் தேங்காய் நார் வாங்க வேண்டும். பொம்மை செய்யவாம். பாமாயில் ஏற்றி மொம்பாசா போகும் கப்பலின் ஓரம் நெடுக நிறுத்தினால், கடற்கொள்ளையர் தூரத்திலிருந்து ஆள் என்று நினைப்பார்களாம்.

போன தடவைவரை இலங்கை அருகே ஆயுதக் காவலர் ஏறுவார்கள். இந்தத் தடவை இல்லை. அவர்கள் கேட்கிற பணத்தில் லாபமே போய்விடுமாம். கிளம்பும்வரை கப்பல் ஆட்களிடம் சொல்லக்கூடாது என்றார். அதே கப்பலில் போசன், தளத்து ஆட்களுக்குத் தலைவர், என் வீட்டுக்காரர். தெரிந்துதான் சொல்கிறார். எரிச்சல்.

9, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சோறு போடும்போதே. அந்தோணி கையைக்கூட நிறுத்தவில்லை.

"சாமான் வந்து இறங்குனப்பவே தெரிஞ்சு போச்சு லா ஸ்டெல்லா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரு இறங்கிட்டாங்க."

"நீங்க?"

"நானும் இறங்கிட்டா மிச்சப் பேர யாரு பாக்குறது?"

சண்டை. மீன் குழம்பு அப்படியே ஆறிப்போனது.

17, புதன்

போனில் கப்பலைக் காட்டும் புள்ளி மறைந்துவிட்டது. ஆபத்தான கடல் வந்ததும் இருக்குமிடம் காட்டும் கருவியை அணைத்துவிடுவார்கள். வழக்கம்தான். இருந்தும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஜெபமாலை, பாதியில் விட்டேன். ஐஸ்பெட்டியைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

குளுவாங்கிலிருந்து மாமியார். தன் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். கேட்டது அதுவல்ல.

22, திங்கள்

நல்ல வெயில். அந்தோணியின் செய்தி! சின்னப் படகு ஒன்று பின்னாலேயே வந்ததாம், ஏணியோடு. "நாங்க எல்லாரும் பொம்மைங்க நடுவுல போய் நின்னோம். அங்கயும் இங்கயும் நடந்துகிட்டே இருந்தோம். திரும்பிப் போயிட்டாங்க. பயந்துட்டேன் ஸ்டெல்லா."

இத்தனை வருடத்தில் அவர் வாயில் வராத வார்த்தை. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

வெளியே வந்தால் ஆபீஸ் முழுக்க நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். குமரன் உபயம். பொம்மை வேலை செய்கிறது, இனி எந்தக் கப்பலுக்கும் காவலர் வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். இவர்கள் உயிரோடு தப்பியதுதான் அடுத்த கப்பல்காரர்களுக்கு வினை. இன்னும் முப்பது பாய்லர் சூட் வாங்கச் சொன்னார்.

"இருபத்தொம்பது போதும் சார். ஒரு எடத்துல நீங்க போய் நில்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். நாளைக்கு வேலை இருக்கிறதா, தெரியவில்லை.