சாம்பல் போட்டுத் தேய்த்த குப்பி

திருவிடந்தை,
துர்முகி வருஷம் மார்கழி 3

சிரஞ்சீவி தேசிகனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் உடம்பால் சௌக்கியம், மற்றதை மேலே படித்தால் நீயே தெரிந்துகொள்வாய். அங்கே சீமையில் நீயும் மாட்டுப்பெண்ணும் குழந்தை ரங்கநாயகியும் குளிருக்கு அடக்கமாக இருக்கிறீர்களா என்று எழுது. பேத்தியின் போட்டோ வந்தது, மூக்கு அப்படியே என் மூக்கு என்று அப்பா சொல்கிறார், கோவில் வரைக்கும் எடுத்துப் போய்ப் பட்டர் உள்பட எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தேன். இந்த வருஷம் மழை விடாமல் பெய்து கோவளத்துக் கழிமுகத்தில் மணல் திட்டு உடைந்துவிட்டது, கடல் தண்ணீர் உப்பங்கழிக்குள் பாலம் வரைக்கும் ஏறி நிற்கிறது.

அந்த உப்பங்கழியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன தடவை வந்தபோது சமையல் உள்ளில் அண்டாவை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாயே, கழி ஒரு பெரிய அண்டா அம்மா, மழைத் தண்ணீர் கொண்டு வருகிற சத்து ஒரு பக்கம், கடல் இழுத்துக்கொண்டு போவது ஒரு பக்கம், பாசியும் மீனும் தின்பது, சேறு பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது, எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் போட்டால் அண்டாவில் நாளைக்கு என்ன இருக்கும் என்று இன்றைக்கே சொல்லலாம் என்று. பெற்ற வயிறு குளிர்ந்து கேட்டேன். அதற்காகத்தானே ஒன்றரை வருஷம் அமாவாசைக்கு அமாவாசை உனக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன். பாலத்தண்டை பள்ளிக்கூட கிளார்க் காசிநாதன் ஒரு குப்பி மொண்டு வருவார், குப்பத்தண்டை செம்படவப் பெண் வேண்டா என்கிறவள் இடுப்பளவு இறங்கி ஒரு குப்பி மொண்டு வருவாள், தண்ணீர் கெடாமல் இருக்க நீ கொடுத்த மருந்தை இரண்டு சொட்டு விட்டு வைப்பேன், மெட்ராஸிலிருந்து உன் சிநேகிதன் பட்டாபிராமன் பஸ்ஸில் வந்து எடுத்துப் போவான்.

ஆவணியில் அவன் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். நான் கிணற்றடியில் காலிக் குப்பி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு மாமி என்று கேட்டான். சொன்னேன். காசிநாதன் கொண்டு வருவதை அப்படியே அலமாரியில் வைப்பேன், நம் மனுஷர். வேண்டா கை பட்ட குப்பியை உள்ளே கொண்டுவர எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் நீ கொடுத்த பெட்டியில் மீதி இருந்த குப்பியில் ஒன்றை எடுத்து, அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் திணித்துக் குச்சியால் தேய்த்து, ஒரு தரம் அலசி, அவள் கொண்டு வந்த தண்ணீரைக் கொல்லைப் படியிலேயே அதில் மாற்றிவிடுவேன். குறுகின கழுத்து, அடியில் கொஞ்சம் சாம்பல் ஒட்டத்தான் ஒட்டும். எத்தனை நாளாக மாமி என்றான். முதல் குப்பியிலிருந்து என்றேன். பிறகுதான் சொன்னான். நீ தேடுகிற சத்து வறட்டிச் சாம்பலிலேயே நிறைய இருக்கிறதாம். அன்றைக்குக் குப்பத்தண்டைத் தண்ணீரை இரண்டு விதமாகவும் எடுத்துப் போய்ப் பார்த்து உனக்கு எழுதினானே, மாற்றாதது பாலத்துத் தண்ணீர் மாதிரியே இருக்கிறது, மாற்றினதில் ஆறு பங்கு என்று.

நீ ஐப்பசியில் எனக்கு என்ன பதில் எழுதினாய். அச்சான கட்டுரையை இப்போது கலைக்க முடியாது, பட்டம் வாங்க இன்னும் நாலு மாசம், அதுவரைக்கும் பட்டாபியை வாயைத் திறக்காமல் இருக்கச் சொல், அஞ்சாம் கிளாஸோடு நின்ற உனக்கு இது புரியாது என்று. தேசிகா, எனக்குப் புரிந்தது. உன் அண்டாவில் வழி தெரியாமல் சத்து மிஞ்சிற்று, அது எங்கிருந்து வந்தது என்று நீ யாரையும் கேட்கவில்லை, அத்தனையும் குப்பத்து ஜனங்களின் அழுக்கு என்று எழுதி அச்சுப் போட்டாய்.

போன வெள்ளிக்கிழமை வேண்டா கொல்லைப்புறம் வந்து ஒரு சர்க்கார் நோட்டீஸை நீட்டிப் படிக்கச் சொன்னாள். அதில் உன் பேர் இருந்தது. கேட்டால் வெட்கக்கேடு, முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது, அதற்கப்புறம்தான் மேலே படித்தேன். கழியில் மீன் குஞ்சு வளர்க்கப் போகிறார்களாம், குப்பத்தால் தண்ணீர் கெடுவதாகச் சீமையில் படித்தவர் நிரூபித்திருக்கிறாராம், நாற்பத்து மூன்று குடிசையும் தை முடிவதற்குள் எடுக்க வேண்டுமாம். கழியை விட்டுப் போனால் இறால் தடவிப் பிழைக்கிறவர்கள் எங்கே போவார்கள். படித்துச் சொன்னேன். "நான் மொண்டாந்த தண்ணிதானேம்மா அது, அதுல இன்னா கீதுன்னு என்னக் கேட்டுகினு எழுதியிருக்கலாமே உம்புள்ள" என்றாள். அழுக்கு என் அடுப்பிலிருந்து போனது என்று மறுநாள்தான் குப்பத்துக்கு நடந்து போய்ச் சொன்னேன். அவள் மாமியார் சந்திரம்மா உட்காரவும் சொல்லவில்லை. "நல்லாத்தான் தேச்சிக்கீற" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு அது வேண்டியதுதான்.

மடி பார்த்தது என் தப்பு, அது தெரியாமல் செய்தது. நீ ஐப்பசியிலிருந்து தெரிந்தே சும்மா இருக்கிறாய். தை பத்தாம் தேதி செங்கல்பட்டிலிருந்து அதிகாரி குப்பத்துக்கு வருகிறார். அதற்குள் நீ அங்கே அச்சுப் போட்டவர்களுக்கும் இங்கே நோட்டீஸ் போட்ட ஆபீசுக்கும் எழுதிவிடு, ஏரோகிராம் பத்து நாளில் வருகிறது. வராவிட்டால் நடந்ததை என் கைப்பட எழுதி, பட்டாபி தண்ணீரைப் பார்த்து எழுதிக் கொடுத்த தாளோடு சேர்த்து அதிகாரி கையில் கொடுப்பேன், ஒரு நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும், உன் பட்டமும் நிற்கலாம். அப்பா வேண்டாம் என்கிறார். நான் மையைத் தொட்டாகிவிட்டது.

குழந்தைக்கு மார்புச் சளி கட்டாமல் பார்த்துக்கொள், காதை மூடி வெளியே கொண்டு போங்கள். பெருமாள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். தை பத்தை மறக்காதே. போன அமாவாசைக்கு வேண்டா கொண்டு வந்த குப்பியை அவள் கையிலிருந்து நேரே வாங்கி, துடைக்காமல், அலமாரியில் உன் காலேஜ் மெடலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ எழுதிவிட்டால் குப்பிக்கு வேலை இல்லை, எழுதாவிட்டால் மெடலை எடுத்துவிடுவேன், அதிகாரி வரும்போது இரண்டில் ஒன்று அங்கே இருக்காது. எது என்று நீ சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெருந்தேவி