பித்தளை ஸ்நேரும் குளியலறையும்

வெள்ளி, இரவு

வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்டுடியோ எதிரொலி வேண்டுமென்று இன்று குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு என் இரண்டு ஸ்நேர் டிரம்களையும், மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று, அடித்துப் பார்த்தேன்.

நாளை எங்கள் இசைக்குழுவின் முதல் ஒலிப்பதிவு. "அண்ணாச்சி, மர ஸ்நேரைக் கொண்டாங்க. பித்தளையோட வந்தியன்னா கம்ப்யூட்டர் டிரம்ஸைப் போட்டுருவோம்" என்று கீபோர்டு வாசிக்கும் தங்கதுரை மிரட்டுகிறான். அவன் வாசித்தால் தெருநாய்கூட எழுந்து போய்விடும்!

இரண்டிலும் ஒரே மாதிரி தடித்த ஸ்கின், அதாவது மேல்தோல், மாட்டி அடித்தேன். பித்தளை வெடிபோல முழங்கியது. மரமோ தொப்பையில் தட்டியதுபோல 'தொம்' என்றது.

"உள்ள என்ன செய்யுதிய? சுவரு விழப்போவுது!" என்று மனைவி கத்தினாள்.

"விழட்டும் ஏட்டி, அதான் பவரு!"

பித்தளைதான் வரும். எவன் தடுக்கிறான், பார்ப்போம்.

உறையில் போடும்போது கவனித்தேன். மர ஸ்நேரின் அடியில், சர்ரென்ற சத்தம் தரும் கம்பிகளை இறுக்கும் லீவரை, அடித்தபோது நான் போட்டிருக்கவே இல்லை.