செல்வநாயகம் மாமா மட்டும் விழுந்த படம்

கொக்கிளாய்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுதாகரன் அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். சுகமில்லாத ஆளைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. வட்ஸ்அப்பில் திட்டினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பங்குனியில் வரும்போது எங்கள் களப்பை, இந்தக் கடலேரியை, இன்னும் பெரிதாகப் படம் எடுத்து, சுவிசில் உங்கள் சங்க மண்டபச் சுவரில் மாட்டப் போகிறீர்களாம். அகல லென்சுக்கு முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடியில் எது நல்லது, பழைய பத்து ஸ்டொப்பா, ஆறா, திருகித் திருகிக் கறுப்பைக் கூட்டும் புது வகையா என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முதல், நீங்கள் அனுப்பிய கலண்டரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

பார்சல் வந்த அன்று அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். போன ஆவணியில் நீங்கள் விடியக் காலையில் எடுத்த படம். கண்ணாடி மாதிரித் தண்ணீர், பஞ்சு மாதிரி முகில். கீழே ‘மனிதக் காலடி படாத கரை’ என்று எழுத்து. சீ!

“நான் இஞ்சைதானே நிண்டனான்” என்று அம்மா தண்ணீரில் ஓர் இடத்தில் விரலை வைத்துத் தேடினார். அன்றைக்கு அம்மாவும் அயல் பெண்கள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். “என்னைப் பாராதேங்கோ அம்மா, உங்கட வேலையைச் செய்யுங்கோ, அப்பதான் வடிவு” என்று சொன்னதும் நீங்கள்தான். இறால் தடவ யாராவது கோயில் சேலை உடுப்பார்களா? அம்மா உடுத்தார். உங்கள் படத்துக்காக.

வேலை செய்த அத்தனை பேரும் மாயம். பளிச்சென்று இருப்பது ஊரில் ஒரு துரும்பும் தூக்காத செல்வநாயகம் மாமா மட்டும்! கவிழ்த்த வள்ளத்தில் குந்திக்கொண்டு, வாயில் பீடியோடு. பீடிப் புகை கூடக் கரைந்துவிட்டது, மனிசன் கரையவில்லை. இப்போது தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, “நான் இல்லாட்டி உந்தக் கரைக்கு என்ன வடிவு?” என்று போகிற வருகிற ஆட்களை எல்லாம் கேட்கிறார். அரியண்டம்! அவருடைய படலைக் கதவில் ‘மனிதக் காலடி படாத வளவு’ என்று யாரோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ நான் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காட்டிக் கொடுக்காதீர்கள்.

முல்லைத்தீவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் யதுர்ஷிகா அக்காவிடம் கலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டொப் கூடக் கூடக் கறுப்பும் கூடுமாம்; கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மறிப்பதால் கமரா நிமிடக் கணக்கில் கண் திறந்தபடி நிற்குமாம்; அதற்குள் அசைவதெல்லாம் அழிந்துபோகுமாம். அந்தக் கண்ணாடிக்குப் பெயர் ‘நடுநிலை’ வடிகட்டியாம், எந்த நிறத்தின் பக்கமும் சாயாதாம். நல்ல நடுநிலை! சும்மா இருப்பவர் பக்கம் மட்டும் சாய்ந்து விழுகிறது. எங்கள் குசினியில் இருக்கும் வடிகட்டி, தேத்தண்ணியைத் தந்துவிட்டுச் சக்கையை மறிக்கும். உங்களுடைய வடிகட்டி, தேத்தண்ணியை ஊற்றிவிட்டுச் சக்கையைக் கலண்டரில் போட்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து ஸ்டொப்பைத் தொடவே வேண்டாம். ஆறு போட்டால் ஆட்கள் பேய் மாதிரித் தெரிவார்களாம், அம்மாவைப் பேயாக்காதீர்கள். திருகும் வகையை அகல லென்சில் போட்டால் வானத்தின் நடுவில் பெரிய கறுப்புப் பெருக்கல் குறி விழுமாம். என் கணக்குக் கொப்பியில் விழும் பிழை அடையாளங்களே போதும், வானத்திலும் வேண்டாம். மூன்று ஸ்டொப் வாங்குங்கள். தண்ணீர் கொஞ்சம் மெத்தென்று ஆகும், மனிதர் மனிதராகவே நிற்பார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமும் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த வளையம் என்றால் அகல லென்சில் நாலு மூலையும் இருண்டுவிடுமாம். மூலையில் நிற்பதும் எங்கள் சனம்தான்.

இதையெல்லாம் அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். உங்களை ஏசுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எவ்வளவு நேரம் ஆடாமல் நிண்டால் படத்திலை விழும்?” மூன்று நிமிடம் வரும் என்றேன்.

நேற்றுப் பின்னேரம் கரைக்குப் போனேன். அம்மா முழங்கால் தண்ணீரில், இறால் போடும் ஓலைப் பறியைப் பிடித்தபடி, நட்ட தடி மாதிரி நிற்கிறார். காலில் ஏதோ குத்திவிட்டதாக்கும் என்று ஓடினேன். வாய் அசையாமல், “பொறடி, குழப்பாதை” என்றார். வள்ளத்தில் இருந்த செல்வநாயகம் மாமா, “மூச்சை மெல்ல விடு தங்கச்சி, நெஞ்சு ஏறி இறங்குது” என்று பாடம் எடுக்கிறார். தண்ணீருக்குள் இறால் அம்மாவின் காலைத் தட்டிக்கொண்டு போயிருக்கும். அம்மா குனியவில்லை.

உங்களிடம் கேட்டால் இப்படி ஒன்று நடந்ததாகவே சொல்லமாட்டார். “என்ரை பிள்ளையின்ரை படம் நல்ல வடிவு” என்றுதான் சொல்வார். கலண்டரைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில்தான் கொழுவியிருக்கிறார்.

மூன்று ஸ்டொப் கிடைக்காவிட்டால் ஒன்றுமே போடாமல் எடுங்கள். தண்ணீர் தண்ணீர் மாதிரி இருந்தால் உங்கள் மண்டபச் சுவர் இடிந்து விழாது. வற்றாப்பளை அம்மாள் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து, அம்மாவை அவர் பாட்டுக்குக் குனிந்து இறால் தடவ விட்டு எடுங்கோ அண்ணா.

இன்னும் கோபம் ஆறாத உங்கள் தங்கச்சி,
தேனுகா