தொலையாத டைனமோ

என் பிரியமான மாப்ள சேகரு,

உன் மகள் வசந்திக்குப் போன வாரம் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது. செல்லூர் வீட்டிலிருந்து மண்டபத்துக்கு எதில் போனாள் தெரியுமா? உன் காரில்! கைப்பிடி போட்டுச் சுற்றினால் மட்டும் கிளம்புமே, அதே பழைய காரில்.

எஞ்சின் பக்கத்தில் சங்கிலி மாட்டியிருந்த அந்த இரும்பு உருளைக்காக நாம் போடாத சண்டையா? கோரிப்பாளையத்தில் இத்தனை காலம் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன் நான். அது ஸ்டார்ட்டர், டைனமோதான் காணோம் என்றேன். "போடா, அது டைனமோ. ஸ்டார்ட்டரைத்தான் எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்" என்றாய் நீ. நீ ஸ்டார்ட்டரையும் நான் டைனமோவையும் தேடி, பேரையூர் வரை பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். உருளையைத் திறக்க மட்டும் நீ கடைசிவரை விடவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு வசந்தி வந்தாள். "அப்பா வண்டியிலதான் மண்டபத்துக்குப் போவேன் மாமா. அன்னைக்கும் கைப்பிடி சுத்திக்கிட்டு நிக்க முடியுமா? தெறந்து பாருங்க" என்றாள்.

திறந்தேன். சுழல்கிற ஆர்மேச்சர் ஒன்றுதான். அதைச் சுற்றியிருந்த கம்பிச்சுருள், அதான் காயில், மட்டும் இரண்டு விதம்: ஒன்று தடித்த கம்பி, மற்றது மெல்லிசு; தடித்தது அறுந்து கிடந்தது. பேட்டரியின் கரண்ட் உள்ளே போனால் அது மோட்டாராகிச் சங்கிலி வழியாக எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் ஓடியதும் எஞ்சின் அதைச் சுற்றும். அதுவே டைனமோவாகிப் பேட்டரியை ஏற்றும். இரண்டும் ஒன்றுதான் மாப்ள! எதுவுமே தொலையவில்லை. பட்டறைத் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் யார் ஜெயித்ததாகச் சொல்லியிருப்பாய்?

அறுந்த காயிலைப் புதிதாகச் சுற்றிப் பூட்டினேன். கல்யாணத்தன்று நான்தான் ஓட்டினேன். கோரிப்பாளையம் சந்திப்பில் டவுன் பஸ் குறுக்கே வர, எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன்.

"மாமா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!"

நான் எதையும் தொடவில்லை. ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததால் பேட்டரி கரண்ட் மறுபடி உருளைக்குப் பாய்ந்தது. சங்கிலி சுழன்றது; எஞ்சின் தானே உயிர் பெற்றது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அதுவா கிளம்புது! உள்ள என்னண்ணே வச்சிருக்கீங்க?" என்றார்.

பின்சீட்டிலிருந்து உன் மனைவிதான் பதில் சொன்னது: "இம்புட்டு வருசமா இவுக ரெண்டு பேரும் காணோம் காணோம்னு தேடுன சாமான்!" நீ போன பிறகு அன்றைக்குத்தான் தங்கச்சி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

பொங்கலுக்கு வசந்தியும் அவள் வீட்டுக்காரரும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். இந்த முறை ஸ்டீயரிங் அவள் கையில்தான். கற்றுக்கொடுக்கிறேன், திட்டாமல். சத்தியம்.

உன் மாமன்,
காதர்